கல்யாண மண்டபத்தில் ஒரு செல்ஃபி: முகம் யாருடையது, சாவி யாரிடம்?

(இந்த எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குப் பேசப்போற விஷயம், இணையக் கண்காணிப்பை டிஜிட்டல் கலைஞர்கள் எப்படி எதிர்கொள்றாங்க என்பது. கேட்டதும் "இதெல்லாம் லண்டன், பெங்களூரு ஆட்களோட கவலையாச்சே"ன்னு தோணலாம். அதனால திண்டுக்கல்லில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

இப்போ நம்ம ஊர்ப்பக்கம் கல்யாணங்களுக்குப் போனா, சில மண்டபங்களில் சந்தனக் கிண்ணத்துக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு அட்டை வச்சிருப்பாங்க. அதை ஸ்கேன் பண்ணி ஒரு செல்ஃபி எடுத்தா போதும். அந்தக் கல்யாணத்தில் நீங்க இருக்கிற ஃபோட்டோ எல்லாம் உங்க ஃபோனுக்கு வந்துரும். நல்ல வசதிதான். முன்னாடியெல்லாம் ஆல்பம் வரவே மூணு மாசம் ஆகும். சித்தப்பா படம் சித்தப்பாவுக்குப் போய்ச் சேரவே சேராது.

இது எப்படி நடக்குது? ஃபோட்டோகிராஃபர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களும் ஏதோ ஒரு நிறுவனத்தோட சர்வருக்குப் போகுது. அங்கே இருக்கிற மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் முகங்களைத் தேடி, ஒவ்வொரு முகத்தையும் ஒரு நீளமான எண் வரிசையா மாத்தி வச்சுக்குது. நீங்க எடுக்கிற செல்ஃபியும் எண் வரிசையாகுது. ரெண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போறதை எடுத்துக் கொடுக்குது. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. செல்ஃபி எடுக்காதவங்க முகமும் ஏற்கெனவே எண்ணா மாறி உள்ளே கிடக்கு. பந்தியில் உட்கார்ந்த பாட்டி, நாதஸ்வரக்காரர், சமையல் மாஸ்டர், மடியில் தூங்கின குழந்தைன்னு யாருமே பாக்கி இல்லை. அவங்க யாரையும் யாரும் கேட்கலை.

டிஜிட்டல் கலைஞர்னு நான் சொல்றது கேலரியில் கண்காட்சி வைக்கிறவங்களை மட்டும் இல்லை. கல்யாண ஃபோட்டோகிராஃபர், ஆல்பம் டிசைனர், ஃப்ளெக்ஸ் டிசைன் பண்றவர், ரீல்ஸ் எடிட் பண்ற பையன், எல்லாரும்தான். இவங்களுக்கு இந்த விஷயத்தில் ரெண்டு பக்கம் இருக்கு. ஒரு பக்கம், இவங்க இணையத்தில் போடுற வேலையை ஏஐ நிறுவனங்கள் கேட்காமல் அள்ளிக்கிட்டுப் போகுது. 2025 மார்ச்சில் கிப்லி பாணிப் படங்கள் ஊரெல்லாம் பரவினப்போ, வருஷக்கணக்கா கையால் வரைஞ்சு உருவாக்கின ஒரு பாணி சில நொடியில் வந்து விழுந்ததைப் பார்த்தோம். இன்னொரு பக்கம், அடுத்தவங்க முகத்தை அள்ளிக் கொடுக்கிறவங்களும் இவங்கதான். பேச வேண்டியது இந்த ரெண்டாவது பக்கத்தைப் பத்திதான்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றதுக்கு, உலகத்தில் மத்த கலைஞர்கள் என்ன செஞ்சு பார்த்தாங்கன்னு ஒரு சுற்று போய்ட்டு வரலாம்.

முதல்ல நம்ம தமிழ்ப் பொண்ணு ஒருத்தர். எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-ல் போர்க்காலத்தில் குடும்பத்தோட மறுபடி லண்டன் போனவர். பாட்டுக்காரர்னு உலகம் தெரிஞ்சு வச்சிருந்தாலும், அவர் படிச்சது கலைக் கல்லூரியில். 2010-ல் அவரோட 'மாயா' ஆல்பம் வந்துச்சு. அட்டைப்படத்தில் அவர் முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். யூடியூபில் வீடியோ ஓடும்போது அடியில் வருமே ஒரு பட்டை, அந்தப் பட்டைகளை அடுக்கடுக்கா வச்சு முகத்தை மறைச்சிருப்பார். நாம இணையத்தில் செய்றதெல்லாம் அரசாங்கம் வரைக்கும் போகுது என்பதுதான் ஆல்பத்தோட முதல் பாட்டு. அப்போ சில விமர்சகர்கள் இது வீண் சந்தேகம்னு ஒதுக்கினாங்க. மூணு வருஷம் கழிச்சு, 2013 ஜூனில், எட்வர்ட் ஸ்னோடென் அமெரிக்க உளவு அமைப்பின் ஆவணங்களை வெளியில் விட்டார். அதுக்கப்புறம் அந்தப் பாட்டு வேற மாதிரிக் கேட்டுச்சு.

எம்.ஐ.ஏ. கையாண்டது ஒளிஞ்சுக்கிற வழி. இதையே தொழில்நுட்பமா செஞ்சு பார்த்தவர் ஆடம் ஹார்வி. 2010-ல் 'சிவி டேசில்'னு ஒரு திட்டம். முகத்தில் கோணல்மாணலா கறுப்பு வெள்ளைப் பூச்சு, ஒரு கண்ணை மறைக்கிற முடி அலங்காரம். அப்போ இருந்த முகம் கண்டறியும் மென்பொருள் இதைப் பார்த்து "இங்கே முகமே இல்லை"ன்னு ஏமாந்து போச்சு. ஆனா மென்பொருள் வளர்ந்துச்சு. இன்னைக்கு இருக்கிற மென்பொருள்கிட்ட அந்தப் பழைய பூச்சு எடுபடாது. அதோட இன்னொரு சிக்கல். அந்த வேஷத்தில் பேருந்து நிலையத்தில் நின்னா, கேமரா விட்டாலும் ஊரே திரும்பிப் பார்க்கும்.

அடுத்தது, மூழ்கடிக்கிற வழி. ஹசன் இலாஹின்னு ஒருத்தர். வங்கதேசத்தில் பிறந்த அமெரிக்கக் கலைஞர். 2002-ல் டெட்ராய்ட் விமான நிலையத்தில் அவரைப் பயங்கரவாதின்னு சந்தேகப்பட்டு நிறுத்தினாங்க. எஃப்பிஐ மாசக்கணக்கா விசாரிச்சு, பொய் கண்டறியும் சோதனைகளும் நடத்தி, கடைசியில் ஒண்ணும் இல்லைன்னு விட்டாங்க. அதுக்கப்புறம் அவர் என்ன பண்ணினார் தெரியுமா? தன்னைத் தானே கண்காணிக்க ஆரம்பிச்சார். எங்கே இருக்கார், என்ன சாப்பிட்டார், எந்த விமான நிலையக் கழிப்பறைக்குப் போனார், எல்லாத்தையும் படமெடுத்து இணையத்தில் போட்டார். பல்லாயிரம் படங்கள். உளவுத்துறைக்கு மதிப்பே ரகசியத்தில்தான் இருக்கு, நானே எல்லாத்தையும் கொட்டிட்டா அவங்க வச்சிருக்கிற ஃபைலுக்கு என்ன மதிப்பு என்பது அவர் வாதம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனா இதைச் செய்ய நேரம் வேணும், தைரியம் வேணும், நாளைக்கு ஏதாவது ஆனா பேச ஆள் வேணும். வேடசந்தூர் நூற்பாலையில் ஷிஃப்ட் பார்க்கிற பெண்ணால் இது முடியுமா?

மூணாவது, ஏமாத்துற வழி. 2020-ல் சைமன் வெக்கர்ட் என்கிற ஜெர்மன் கலைஞர் 99 பழைய ஃபோன்களை ஒரு கைவண்டியில் போட்டு பெர்லின் தெருவில் இழுத்துக்கிட்டு நடந்தார். எல்லா ஃபோனிலும் கூகுள் மேப் ஓடிட்டு இருந்துச்சு. 99 கார் ஊர்ந்து போகுதுன்னு நினைச்சு, காலியா இருந்த தெருவை மேப் சிவப்பாக் காட்டிருச்சு. சிரிப்பா இருக்கும். ஆனா மேப்புல தெரியிறது சாலை மட்டும் இல்லை, நம்ம பையில் இருக்கிற ஃபோன்களும்தான் என்பதை இதைவிட எளிமையா யாரும் காட்டினதில்லை. ஓவியர்களுக்கும் இந்த மாதிரி கருவிகள் வந்திருக்கு. சிகாகோ பல்கலைக்கழகக் குழு ஒண்ணு 2023-ல் 'கிளேஸ்', 2024-ல் 'நைட்ஷேட்'னு ரெண்டு இலவச மென்பொருள் வெளியிட்டுச்சு. படத்தில் கண்ணுக்குப் பெரிசா தெரியாத மாற்றங்களைச் செஞ்சு, அதை அள்ளிப் படிக்கிற ஏஐயைக் குழப்பிவிடும். இதை முறியடிக்கவும் ஆராய்ச்சி நடக்குது. பூட்டு செய்றவனுக்கும் திருடனுக்கும் நடக்கிற ஓட்டப்பந்தயம் மாதிரிதான்.

இந்த இடத்தில் ஆடம் ஹார்வி பக்கம் திரும்பணும். முகப்பூச்சோட அவர் நிக்கலை. கொஞ்ச வருஷத்தில் கேள்வியையே மாத்திக்கிட்டார். நான் எப்படி ஒளியிறது என்பதை விட்டுட்டு, இந்த இயந்திரம் கத்துக்கிட்ட முகங்கள் யாருடையது, எங்கே இருந்து எடுத்தாங்கன்னு தேட ஆரம்பிச்சார். 'மெகாபிக்சல்ஸ்'னு அந்தத் திட்டத்துக்குப் பேர். மைக்ரோசாஃப்ட் இணையத்தில் இருந்து திரட்டின ஒரு தொகுப்பு அதுல மாட்டுச்சு. சுமார் ஒரு லட்சம் பேரோட ஒரு கோடி படங்கள். விஷயம் வெளியில் வந்ததும், 2019-ல் நிறுவனம் அதை எடுத்துருச்சு. அதுக்குள்ள பிரதிகள் பல கைக்குப் போயிருச்சு, அது வேற. ஆனாலும் பூச்சால் முடியாததை ஒரு கேள்வி சாதிச்சுது: "இது யாருடைய முகம், யார்கிட்ட கேட்டு எடுத்தீங்க?"

இந்தக் கேள்வி நம்ம நாட்டில் 1858-ல் கேட்டிருக்க வேண்டியது. வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல்னு ஒரு ஆங்கிலேய அதிகாரி. சாலைக்குச் சரளை கொண்டுவர ராஜ்யதர் கோனாய்னு ஒரு ஒப்பந்தக்காரரோட ஒப்பந்தம் போட்டார். கையெழுத்தோட நிறுத்தாமல், அவர் உள்ளங்கை முழுக்க மை தடவி காகிதத்தில் அழுத்தி எடுத்தார். நாளைக்கு "நான் கையெழுத்தே போடலை"ன்னு சொல்லாம இருக்க ஒரு பயமுறுத்தல். அரசாங்கம் கைரேகையை அடையாளமாப் பயன்படுத்தின கதை அங்கேதான் ஆரம்பிக்குது. டெல்லியைச் சேர்ந்த 'ரக்ஸ் மீடியா கலெக்டிவ்' கலைஞர்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருந்த அந்தக் கைரேகையை எடுத்து, 2011-ல் ஒரு வீடியோ படைப்பு செஞ்சாங்க. 150 வருஷம் அசையாமல் கிடந்த அந்த விரல்கள் மடங்கி மடங்கி எண்ண ஆரம்பிக்குது. அவ்வளவுதான் படைப்பு, சத்தம்கூட இல்லை. நம்மளை எண்ணினவங்களை அந்தக் கை திருப்பி எண்ணுற மாதிரி இருக்கும்.

ஆதார் தொடங்கினது 2010-ல். அதுக்கு அடுத்த வருஷம் வந்த படைப்பு இது. இதை நினைச்சுக்கிட்டு ரேஷன் கடை வரிசையைப் பாருங்க. வெங்காயம் உரிச்சு, தோல் பதனிட்டு, ரேகை தேய்ஞ்ச விரலை அந்த மெஷினில் வச்சு வச்சு எடுக்கிற அம்மாகிட்ட போய், "முகத்தில் பூச்சு போட்டுக்கோங்க, பொய்த் தகவல் கொடுங்க"ன்னு சொல்ல முடியாது. ஒளியிறதும் மூழ்கடிக்கிறதும் ஏமாத்துறதும் விலகிப்போக வசதி இருக்கிறவங்களோட வழி. விலக முடியாதவங்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, எடுக்கிறவன் கையில்தான் இருக்கு. அவன் எவ்வளவு எடுக்கிறான், எத்தனை நாள் வச்சிருக்கான், யாருக்குத் திறந்து விடுறான் என்பதில்.

கல்யாண மண்டபத்தில் எடுக்கிறவர் நம்ம ஃபோட்டோகிராஃபர்.

"ஒரு கல்யாண ஃபோட்டோவில் என்னண்ணே வந்துரப் போகுது?"ன்னு கேட்பீங்க. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணி, ஊர் மாறி வாழ்ற ஜோடிகள் நம்ம பக்கம் உண்டு. அவங்க எப்பவாவது ஒரு தோழி கல்யாணத்துக்கு வருவாங்க. அவங்க பழைய படம் ஒண்ணை வச்சுக்கிட்டு யாராவது அந்த க்யூஆர் கோடில் தேடினா என்ன ஆகும்? செல்ஃபிக்குப் பதிலா கேலரியில் இருக்கிற படத்தை உங்க செயலி ஏத்துக்குதான்னு இன்னைக்கே சோதிச்சுப் பாருங்க. ஏத்துக்கிட்டா, யார் வந்தாங்க, யார் கூட நின்னாங்க, எந்தத் தேதி, எந்த மண்டபம், எல்லாம் ஒரே தட்டில் வந்துரும். 2016 மார்ச் 13-ம் தேதி பழனிக்குப் பக்கத்தில் உடுமலையில் சங்கர் கொல்லப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அதை உலகத்துக்குக் காட்டினது ஒரு சிசிடிவி கேமராதான். அதனால கேமராவே எதிரின்னு நான் சொல்லலை. ஒரே கேமரா சாட்சியாவும் நிக்கும், தேடுறவனுக்கு வழியும் காட்டும். எது நடக்கும் என்பது சாவி யார்கிட்ட இருக்கு என்பதைப் பொறுத்தது.

பூட்டையும் சாவியையும் பத்தி திண்டுக்கல்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்ம பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. மாங்காய்ப் பூட்டை வாங்கிட்டுச் சாவியைக் கடைக்காரர்கிட்டயே கொடுத்துட்டு வர்ற ஆளை நாம பார்த்திருக்கோமா? கோயில் உண்டியலைக்கூட ஒருத்தர் தனியாத் திறக்க மாட்டார். அதிகாரி, அறங்காவலர், நாலு சாட்சி முன்னாடிதான் திறப்பாங்க. ஆனா ஒரு ஊரோட முகங்களை, பேர் தெரியாத ஒரு நிறுவனத்து சர்வரில், சாவியும் அவங்க கையிலேயே விட்டுட்டு வர்றோம்.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமா இந்தப் பக்கம் வருது. 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமைன்னு ஒருமனதாத் தீர்ப்புச் சொன்னாங்க. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறுச்சு. எதுக்கு எடுக்கிறோம்னு சொல்லணும், சம்மதம் கேட்கணும், 18 வயசுக்குக் கீழே இருந்தா பெற்றோர் சம்மதம் வேணும் என்பதுதான் அதன் சாரம்.

சரி, என்ன செய்யலாம்? முகூர்த்த மாசத்தில் சம்பாதிச்சு வருஷத்தை ஓட்டுற தொழில் இது. "நான் கொடுக்கலைன்னா பக்கத்து ஸ்டூடியோக்காரர் கொடுப்பார்"ங்கிற நெருக்கடி உண்மைதான். அதனால காசு செலவில்லாத நாலு விஷயம் மட்டும் சொல்றேன்.

ஒண்ணு: புக்கிங் எடுக்கும்போதே கேளுங்க. "முகத் தேடல் வசதி வேணுமா, வேண்டாமா? வேணும்னா எல்லாருக்குமா, ரெண்டு வீட்டுக்கு மட்டுமா?" முடிவை அவங்க எடுக்கட்டும்.

ரெண்டு: அந்த அட்டையில் இன்னும் ரெண்டு வரி தமிழில் சேருங்க. "இங்கே எடுக்கும் படங்களில் முகத் தேடல் உண்டு. வேண்டாம் என்றால் எங்களிடம் சொல்லுங்கள்." நீங்களே டிசைன் பண்றீங்க, அஞ்சு நிமிஷ வேலை.

மூணு: அழிக்கிற தேதி. முப்பது நாளோ, அறுபது நாளோ, ஒரு தேதி வச்சு சர்வரில் இருந்து எடுத்துருங்க. பென் டிரைவ் அவங்க வீட்டுல இருக்கட்டும்.

நாலு: உங்க பக்கத்தில் மாதிரிக்குப் போடுற படங்களில் குழந்தைகள் இருந்தா, பெத்தவங்களைக் கேட்காமப் போடாதீங்க. படம் எடுத்த இடத்தைச் சொல்ற ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கிட்டுப் போடுங்க.

நம்ம வேலையைக் கேட்காம எடுத்துட்டாங்கன்னு ஏஐ நிறுவனங்கள் மேல கோபப்படுறோம். நியாயமான கோபம். நாமளும் கேட்டுட்டுத்தான் எடுக்கிறோம்னு சொல்ல முடிஞ்சா, அந்தக் கோபத்துக்கு இன்னும் பலம் வரும்.

இந்த எபிசோடைக் கேட்கிற ஃபோட்டோகிராஃபர்கள், டிசைனர்கள் உங்க அனுபவத்தை எழுதி அனுப்புங்க. நடைமுறையில் எது சரிவரும், எது வராதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.