இசையாசிரியர் பணியும் திருக்கோயிற் பணியே
(குடமுழுக்கு விழாவையொட்டி வாலாஜாபாத்தில் நிகழ்ந்த சொற்பொழிவு)



திருக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழும் நாள் ஊர் முழுமைக்கும் திருநாள் ஆகும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விமானம் புதுப்பொலிவு பெறுகின்றது, அட்டபந்தனம் சாத்தப்பெறுகின்றது, வேள்விச் சாலையில் ஒருபால் வேத ஒலியும், மற்றொருபால் திருமுறை ஒலியும் எழுகின்றன. கல்லுக்கும் சுதைக்கும் பொருள் வழங்கிய புரவலர்களின் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்பெறுகின்றன. அது முற்றிலும் தகுதியே. ஆயின், சந்நிதியில் நின்று பதிகம் பாடுகின்ற குரலைப் பண்படுத்தியவர் யார்? அவர் பெயர் எக்கல்லிலும் காணப்படுவதில்லை. பல சமயங்களில் அவர் ஒரு பள்ளிக்கூடத்து இசையாசிரியராகவே இருப்பார். அத்தகையோரின் வாழ்வே இன்று சிந்தனைக்குரிய பொருள்.

காஞ்சியை அடுத்து வாழும் மக்களுக்குக் கோர்வைச் சேலையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டையும் பிரியாது இணைக்க மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் அமர்ந்தவர் ஒருவரே அதனைச் செய்தல் அரிது. பக்கத்தில் துணையாள் ஒருவர் இருந்து கரை நாடாவை வாங்கித் திருப்பித் தருதல் வேண்டும். சேலையை உடுத்தும் மணமகள் அத்துணையாளை அறியாள். அவர் கை ஓய்ந்தால் கரை உடலை விட்டு விலகும். இசையிலும் கோர்வை என்ற சொல் உண்டு. தாளக் கணக்குகள் பலவும் கூடி, உரிய இடத்தில் வந்து முடிவதற்கு அப்பெயர். பள்ளி இசையாசிரியர் இவ்விரு கோர்வைக்கும் உரிய துணையாள் என்னலாம். தாம் மேடை ஏறாமல், மேடை ஏறுவோருக்கும் கோயிலில் பாடுவோருக்கும் முதல் இழையை எடுத்துக் கொடுப்பவர் அவர்.

அவருடைய நாள் எவ்வாறு கழிகின்றது? விடியலில் தம் சாதகம். பிறகு பேருந்து ஏறிப் பள்ளி. காலை வணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட நாடகத்தினின்று எடுக்கப்பெற்ற அவ்வாழ்த்து, 1970-ல் அரசு விழாக்களுக்கு உரியதாக அறிவிக்கப்பெற்றது. 2021-ல் மாநிலப் பாடலாயிற்று. மெல்லிசை மன்னர் விசுவநாதன் மோகன இராகத்தில் அமைத்த அதனை 55 வினாடிகளில் பாடி முடிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஒரே சுருதியில் நின்று அதனைப் பாடுகின்றார்களெனில், அதன் பின்னே ஓர் ஆசிரியரின் பல மாத உழைப்பு உண்டு.

பின்னர் வகுப்புகள். சிறியதொரு சுருதிப்பெட்டி, எதிரே அறுபது குழந்தைகள். புரந்தரதாசர் வகுத்ததாகக் கொள்ளப்பெறும் முறைப்படி மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, சண்டை வரிசை, அலங்காரம். அதன்மேல் மலகரியில் பிள்ளையார் கீதம். ஆண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடத்துக்கென்று முதலில் எடுத்துக்கொள்ளப்பெறுவது பாட்டு வகுப்பே. 'பாட்டு டீச்சர்தானே' என்று ஊரார் கூறும்பொழுது, அச்சொல்லில் அன்பும் உண்டு. சிறிது அலட்சியமும் உண்டு.

ஆனால் அவர் செய்யும் வேலை எளிதன்று. ஐந்து கட்டையில் தடையின்றிப் பாடிய சிறுவனுக்குப் பதின்மூன்று வயதளவில் குரல் உடைகின்றது. அப்பொழுது வற்புறுத்தினால் தொண்டை கெடும். விலக்கி வைத்தால் உள்ளம் கெடும். சுருதியைத் தாழ்த்தி, தாளம் போடச் செய்து, கேள்வி ஞானத்தை வளர்த்து, குரல் நிலைபெறும் வரை அவனை இசையோடு சேர்த்தே வைத்திருப்பவர் நல்லாசிரியர். கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் குழந்தையை நோக்கி 'உனக்குப் பாட்டு வராது' என்ற ஒரு சொல் கூறப்படுமாயின், அக்குழந்தை அறுபது வயதிலும் சந்நிதியில் வாய் திறவாது நிற்கும். அச்சொல்லைக் கூறாது, 'இன்னொரு முறை ஷட்ஜம் பிடி' என்று பொறுமையுடன் சொல்லும் ஆசிரியர், ஓர் உயிருக்குப் பாடும் உரிமையைக் காத்துத் தருகின்றார்.

இப்பணிக்குப் பயிற்சி தரவேண்டும் என்ற எண்ணம் சென்னையில் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருப்பெற்றது. 1931-ல் சங்கீத வித்வத் சபை இசையாசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரியை நிறுவ, டைகர் வரதாச்சாரியார் அதன் தலைவரானார். பேராசிரியர் சாம்பமூர்த்தி பாடநூல்கள் பல எழுதினார். இருந்தும், இசையாசிரியரின் வாழ்வில் வறுமை நீங்கிற்றில்லை. 2012-ல் தமிழகப் பள்ளிகளில் இசை, ஓவியம் முதலியவற்றுக்குப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பெற்றபோது, அவர்களுக்கு மாதம் 5,000 ரூபாயே தொகுப்பூதியமாக வகுக்கப்பெற்றது. ஒரு குடும்பம் அதனைக் கொண்டு எவ்வாறு வாழும் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பள்ளியின் ஊக்கம் என்ன செய்யும் என்பதற்குக் காஞ்சியே சான்று. 1919-ல் பிறந்து காஞ்சியில் வளர்ந்தவர் தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள். அவருடைய அன்னையார் நன்கு பாட வல்லவர்; எனினும் அக்காலக் கட்டுப்பாட்டினால் உற்றார் முன்னிலையிலும் பாடியதில்லை. மகளுக்கோ தந்தையார் தோத்திரங்கள் கற்பித்தார். காஞ்சி நாயனாப் பிள்ளை நடத்திய தியாகராசர் விழாவின் கச்சேரிகள் கேள்வி ஞானம் தந்தன. பள்ளித் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள் குரலின் அருமையை உணர்ந்து ஊக்கினார். 1929-ல் பத்து வயதில் வானொலியிலும், 1932-ல் சென்னை ரசிக ரஞ்சனி சபையிலும் அச்சிறுமி பாடினார். அன்னையின் வாயில் அடங்கியிருந்த இசை மகளின் வாயில் நாடெங்கும் ஒலித்தது. 1970-ல் அவர் சங்கீத கலாநிதி ஆனதை உலகம் அறியும். பள்ளியில் அவரைத் தட்டிக்கொடுத்த கையை அறிந்தோர் சிலரே.

இசையைக் காத்தவர் பெயர் மறைந்துபோதல் சைவ உலகுக்குப் புதிதன்று. தில்லையில் திருமுறைச் சுவடிகள் கிடைத்தபின், அவற்றுக்குரிய பண்கள் அறியப்படாதிருந்தன. திருஞானசம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில், திருஎருக்கத்தம்புலியூரில் ஒரு பெண்மணி இருந்தார். அவரே இறையருளால் பண்களை வகுத்தருளினார் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. அவ்வம்மையின் இயற்பெயர் விளங்கவில்லை. ஆயினும், கச்சி ஏகம்பத்தில் இடக்கண் பெற்ற சுந்தரர் பாடிய திருப்பதிகத்தைத் தக்கேசிப் பண்ணுக்குரிய காம்போதியில் ஓதுவாமூர்த்திகள் இன்று பாடுகின்றார்களெனில், அதில் அவ்வம்மை கற்பித்த பயனும் கலந்துள்ளதன்றோ?

அக்கால மன்னர்கள் இதனை உணர்ந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் நாற்பத்தெண்மரையும், உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் இருவரையும் இராசராச சோழன் அமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வகுத்துக் கல்லிலே வெட்டினான். வாலாஜாபாத்தை அடுத்துப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து கல்விச் சாலையும், மாணவர் விடுதியும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இயங்கியதைத் தெரிவிக்கின்றது. கற்பிப்போரைப் பேணுதலும் கோயிற் செலவே என்பது நம் முன்னோர் கண்ட நெறி.

பள்ளியில் எல்லாச் சமயக் குழந்தைகளும் அமர்கின்றனர். அங்கே கற்பிக்கப்பெறுவது சுவரமும் தாளமும் நற்பாடல்களுமே. அவ்வாறே இருத்தல் முறை. பதிகம் கற்பிக்கும் கடமை கோயிலைச் சார்ந்தது. மாலையில் ஒரு மணி நேரம் மண்டபத்தில் விளக்கேற்றி, பாய் விரித்து, ஊரிலுள்ள இசையாசிரியர் ஒருவரை மதிப்புடன் அழைத்து, திங்கள்தோறும் தவறாது ஊதியம் அளித்தால் போதும். கற்க வரும் குழந்தையிடம் கட்டணமும் கேட்க வேண்டா. குரல்வளமும் கேட்க வேண்டா. கல் திருப்பணி நிறைவுற்ற பிறகு எஞ்சும் பொருளில் ஒரு பகுதியை இதற்கென முதலீடாக வைக்கலாம். அதன் வட்டியே ஓர் ஆசிரியரின் இல்லத்தில் அடுப்பு எரியத் துணை செய்யும்.

இன்று பத்து வயதுள்ள குழந்தைக்கு அடுத்த குடமுழுக்கின்போது இருபத்திரண்டு வயது ஆகும். அந்நாளில் வேள்விச் சாலையில் திருமுறை ஓத வெளியூரினின்று ஆள் தேட வேண்டுமா, இவ்வூர்ப் பிள்ளைகளே வரிசையாக அமர்ந்து ஓதுவார்களா என்பது இவ்வாண்டு செய்யும் ஏற்பாட்டினால் முடிவாகும். ஆதலின் புரவலப் பெருமக்கள் இப்பணியையும் திருப்பணியாகக் கொள்ளுதல் வேண்டும்.

பண்ணும் பரதமும் ஆகி நின்ற எம்பெருமான், குழந்தைகளின் நாவிலும் அவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரின் இல்லத்திலும் எழுந்தருள்வானாக!