பணியிடத்தில் நற்பெயர்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பணியிடத்தில் நற்பெயர் ஈட்டுவது எவ்வாறு என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பிட்டராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் நான். ஆகவே, படித்தறிந்ததைவிடப் பட்டறிந்ததையே மிகுதியாகக் கூற விழைகின்றேன்.

1971-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. பின்னர், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கும்மிடிப்பூண்டியில் அதன் தொழில் வளாகம் எழுந்தது. பிறர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்தோரின் பிள்ளைகள், மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் கவரப்பேட்டையிலும் மின்சார ரயிலேறி ஆலை வாயிலை அடைந்தனர். நிலக்கிழார் நம்மைப் பிறப்பைக் கொண்டு அறிந்திருந்தார். ஆலை நம்மை வேலையைக் கொண்டு அறியும் என நம்பினோம். அந்நம்பிக்கையில் பாதி மெய்யாயிற்று, பாதி பொய்த்தது.

பொய்த்த பாதியை முதலில் கூறிவிடுகின்றேன். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் அறிஞர் இருவர், 2005-ஆம் ஆண்டு முதல் ஓராண்டுக்கு மேலாக, நாளேடுகளில் தனியார் நிறுவனங்கள் வெளியிட்ட வேலை விளம்பரங்களுக்கு 4,800 விண்ணப்பங்கள் வரை அனுப்பி ஆராய்ந்தனர். கல்வித் தகுதி நிகராயிருக்க, பெயரை மட்டும் மாற்றி எழுதினர். மேற்சாதிப் பெயருக்குக் கிட்டிய வாய்ப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே தலித் பெயருக்குக் கிட்டியதென அவர்கள் 2007-இல் வெளியிட்டனர். நம் மாநிலத்தில் பெயர் பெரும்பாலும் சாதியைச் சொல்வதில்லை, முகவரி சொல்லிவிடுகிறது. ‘காலனி’ என்னும் ஒரு சொல் போதும். அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஒரு சொல்லின் சுமையை அரசே ஒப்புக்கொண்ட நாள் அது.

அச்சொல்லுக்கு அஞ்சியவர்களுள் நானும் ஒருவன். 1980-களில் வேலைக்கு விண்ணப்பித்தபோது, எங்கள் குடியிருப்பின் பெயரை எழுதக் கை கூசிற்று. பொன்னேரி நகரில் வாழ்ந்த என் ஆசிரியரின் வீட்டு முகவரியை எழுதினேன். வேலை கிடைத்தது.

வேலையில் மட்டும் பொய் புக நான் இடந்தரவில்லை. ஷிப்டு முடியும்போது, செய்து முடித்த வேலை, பழுதான பொருள், அடுத்து வருபவர் கவனிக்க வேண்டிய குறை ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுவேன். ஒருநாள் அளவு தவறி 12 தகடுகளைப் பாழாக்கினேன். ஒருவரும் காணவில்லை. நானே எழுதி வைத்தேன். மறுநாள் கண்டிப்புக் கிடைத்தது. ஆனால், அதன்பின் என் ஷிப்டின் கணக்கைப் போர்மேன் மறுமுறை எண்ணிப் பார்த்ததில்லை.

மூன்றாம் ஆண்டில் ஓர் இரவு, துளையிடும் எந்திரத்தின்முன் கையுறையோடு நின்றேன். சுழலும் எந்திரத்தருகே கையுறை ஆகாதென்று அறிந்திருந்தும் செய்த பிழை அது. உறையோடு விரல் சிக்கிற்று. என் தாயாரை அழைத்துவர ஆலையின் வண்டி பொன்னேரிக்கு விரைந்தது. ஆசிரியரோ மாற்றலாகிச் சென்றுவிட்டிருந்தார். பூட்டிய வீட்டைக் கண்டு வண்டி திரும்பியது. விடியும்வரை விளக்கை அணைக்காமல் காத்திருந்த என் தாயார், மறுநாள் நண்பகலில் பிறர் வாயிலாகச் செய்தி கேட்டு, அழுதுகொண்டே மருத்துவமனைக்கு வந்தார்.

போர்மேன் என் கட்டிலருகே அமர்ந்து, “தம்பி, 12 தகடு பாழானதை மறைக்காத நீ, பெற்றவள் இருக்கும் வீட்டை ஏன் மறைத்தாய்?” என்று கேட்டார். அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று விடை கூறுகின்றேன். தகட்டை ஒப்புக்கொண்டால் நான் செய்த தவற்றுக்காகக் கண்டிப்பார்கள், அதனைத் தாங்கலாம். வீட்டை ஒப்புக்கொண்டால் நான் செய்யாத குற்றத்திற்காக ஒதுக்குவார்கள். அதனை எவ்வாறு தாங்குவது?

என் வீடு எங்கிருக்கிறதென்று ஆலை அறிந்தபின், என்னோடு உணவருந்திய மூவரில் இருவர் வேறு பலகைக்குச் சென்றனர், ஒருவர் இருந்தார். பதவி உயர்வின்போது என் பிறப்பைக் குறித்து முணுமுணுப்பும் எழுந்தது. ஆனால், ஐந்தாண்டுக் குறிப்பேடுகள் அலமாரியில் இருந்தன. அவற்றை மறுத்துப் பேச ஒருவராலும் இயலவில்லை.

தோழர்களே! மறைத்த இளைஞனை எளிதில் இகழ்ந்துவிடாதீர்கள். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்று 1917-இல் பரோடா அரசுப் பணியில் சேரச் சென்ற அண்ணல் அம்பேத்கருக்கு அந்நகரில் தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றின் பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதித் தங்க நேர்ந்தது. பதினோராம் நாள் கழி ஏந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோது, பொதுப் பானையில் அவர் நீரருந்துவதை உடனாசிரியர் சிலர் எதிர்த்தனர். பிற கல்லூரி மாணவர்களோ அவருடைய வகுப்பை நாடி வந்தனர். பார்சிப் பெயரில் தங்கிய செய்தியையும் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். மறைக்க நேர்ந்த அவமானம் தம்முடையதன்று, மறைக்க வைத்த சமுதாயத்தினுடையது என்பதை அறிந்தே எழுதினார் என நான் கருதுகின்றேன்.

1961-ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம் தொழிற்பயிற்சியில் நமக்கு இடம் ஒதுக்கியது. பயிற்சிக்குப்பின் தனியார் ஆலை தரும் வேலையில் ஒதுக்கீடு இல்லை. ஆதலின், அங்கு நம் கைவசமுள்ள முதல், நாம் ஈட்டும் பெயரே. அதற்குச் சில சொல்வேன்.

எதையும் எழுத்தில் வையுங்கள்; தவற்றைப் பிறர் காணுமுன் நீங்களே எழுதுங்கள். வாய்ச்சொல்லைத் திரித்துவிடலாம், தேதியிட்ட கையொப்பத்தைத் திரிப்பது அரிது. துவைத்த சட்டையும் தூய காலணியும் அணிந்து செல்லுங்கள். நல்லுடை நமக்கு மறுக்கப்பட்ட நாடு இது. அண்ணல் கோட்டணிந்து நின்றதன் பொருளை நாம் அறிவோம். பிட்டராகச் சேர்ந்த உங்களை, சாக்கடை அடைத்துக்கொண்ட நாளில் மட்டும் தேடி அழைப்பார்களாயின், “இவ்வேலைக்கு என்னைத் தெரிந்தெடுத்தது ஏன், ஐயா?” என்று பணிவோடு கேளுங்கள். துப்புரவு செய்வோர் நம் உடன்பிறந்தாரே. அத்தொழிலை நம் பிறப்போடு பிணைப்பதையே மறுக்கின்றோம். உங்கள் ஒரு பிழையைச் சமுதாயம் முழுவதன்மீதும் ஏற்றுவோர் உளர். அப்பெருஞ்சுமையைத் தனியொருவராகத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

முகவரியை மெய்யாக எழுதுங்கள். அதனால் ஒரு வாய்ப்புத் தவறினும் தவறலாம். நான் அதனை மறைக்கவில்லை. அந்நாளில் உங்களுக்குத் துணை நிற்கச் சங்கம் வேண்டும். நம் இளைஞர்களின் விண்ணப்பங்களை உடனிருந்து எழுதித் தரவும், மறுக்கப்பட்டோரின் குறைகளைத் திரட்டி உரியவரிடம் கேட்கவும், ஞாயிறுதோறும் இக்கட்டடத்தில் ஒரு மேசை போடுமாறு நிர்வாகிகளை வேண்டுகின்றேன். அம்மேசையில் அமர நான் ஆயத்தமாயிருக்கின்றேன்.

நற்பெயர் ஈட்டுவது நம் கடமை. பிறப்பை வினவாது அதனை ஏற்பது ஆலையின் கடமை. நம் கடமையைச் செய்துகொண்டே அவர்தம் கடமையைக் கேட்போம். இனி எந்தத் தாயும், மகன் மறைத்த முகவரியால், விளக்கை வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஜெய் பீம்!