பெருவிழுங்கிகள் வரம்பு மீறும்போது



சுவா சூ காங் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் டெங்கி எச்சரிக்கைப் பதாகைகள் தொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். 2020ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர். ஆகவே, விடாத காய்ச்சலோடு ரத்தத் தட்டணுக்களும் குறைந்தால் நம் மனம் முதலில் கொசுவையே நினைக்கிறது. அது பிழையன்று. ஆயினும், நோயாளிக்கு முன்னரே லூபஸ் இருக்குமாயின் இன்னொன்றையும் நினைத்தாக வேண்டும்.

லூபஸ் என்பது உடலின் காவற்படை உடலையே பகையாகக் கருதும் நோய். இந்நோயுற்ற பெரியவர்களுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். லத்தீன் மொழியில் இச்சொல்லுக்கு ஓநாய் என்று பொருள். ஆனால் இதன் அரிய, உயிர்க்கொல்லியான சிக்கலில் கடிப்பது ஓநாயன்று. நம் உடலிலேயே வாழும் மேக்ரோபேஜ் என்னும் அணு.

கிரேக்கத்தில் அதற்குப் 'பெருந்தின்னி' என்பது பொருள். நாம் பெருவிழுங்கி எனலாம். 1882இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் இளவுயிரியுள் முள்ளைச் செருகிப் பார்த்த மெச்னிகாவ், அணுக்கள் அம்முள்ளைச் சூழ்வதைக் கண்டார். விழுங்கும் அணுக்களைப் பற்றிய அறிவு அங்கே தொடங்கியது. 1908இல் நோபெல் பரிசும் வந்தது. கிருமியை விழுங்கிக் காக்க வேண்டிய அவ்வணுக்கள் கட்டுமீறித் தூண்டப்பட்டால், எலும்பு மச்சையில் நலமான ரத்த அணுக்களையே விழுங்குகின்றன. வழக்கமாகச் சில நூறுக்குள் அடங்கும் ஃபெரிட்டின் அளவு பல்லாயிரமாக உயரக்கூடும்.

இங்கே ஒரு வஞ்சகம் உண்டு. அழற்சியின் அளவுகோலாகிய ஈ.எஸ்.ஆர். திடீரெனக் குறையும். நோய் தணிந்ததெனத் தோன்றும். உண்மையில், ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் தீர்ந்துபோவதாலேயே அது குறைகிறது.

மருத்துவருக்கோ இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை. தொற்று என்றால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைக்க நேரும். பெருவிழுங்கிகளின் வெறி என்றால் ஸ்டீராய்டை உயர் அளவில், தாமதமின்றிக் கொடுக்க நேரும். சில வேளைகளில் தொற்றே அவ்வெறியைத் தூண்டிவிடுவதும் உண்டு.

ஆங்கிலம் தயங்கும் தாய்க்காகவோ பாட்டிக்காகவோ மருத்துவமனையில் மொழிபெயர்க்கும் மாணவர் பலர் இவ்வவையில் இருப்பீர்கள். "சும்மா காய்ச்சல்தான்" என்று அவர் சொல்வார். அதை அப்படியே ஆங்கிலத்தில் கூறிவிடாதீர்கள். காய்ச்சல் எத்தனை நாளாக உள்ளது, ஈறில் ரத்தம் கசிந்ததா, லூபஸ் மருந்து எதையேனும் நிறுத்தினாரா என்று அவரிடம் தமிழில் கேளுங்கள். லூபஸ் என்ற பெயரை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.