மாக்கோதையின் முகம்

(ஆக்லாந்திலிருந்து இணையவழியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே ஆக்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை காலை. லண்டனிலும் டொராண்டோவிலும் இருப்பவர்களுக்கு இன்னும் சனிக்கிழமை முடியவில்லை. சங்க இலக்கியம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். நான் ஒரு வெள்ளிக்காசைப் பற்றிப் பேசுகிறேன். ஆனால் அது சங்கப் பாட்டு ஒன்றிலிருந்துதான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

என் அப்பா கரூரில் தமிழாசிரியர். புறநானூற்றில் 245ஆம் பாட்டு அவருக்கு உயிர். அதைப் பாடியவர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. மனைவி இறந்துவிட்டாள், சிதையும் எரிந்து முடிந்தது, நான் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறேனே என்று ஓர் அரசன் தன்னைத் தானே நொந்துகொள்ளும் பாட்டு. 1993இல் எங்கள் அம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போது குரல் உடையும் என்று அவருடைய மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மறு வருடம் அப்பா ஒரு காசு வாங்கிவந்தார். அந்த நாளில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்குபவர்கள் இருந்தார்கள். ரோமானியக் காசு, சேரர் காசு எல்லாம் அங்கே கிடைத்தவைதான். ஒரு பக்கம் மனிதத் தலை, அதன்மேல் தமிழ்ப் பிராமியில் ‘மாக்கோதை’ என்று பெயர் பொறித்த வெள்ளிக்காசுகள் கரூரில் கிடைத்தன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் படித்து வெளியிட்டார். காசில் உள்ள மாக்கோதையும் பாட்டு எழுதிய மாக்கோதையும் ஒருவர்தானா என்பது ஆய்வாளர்கள் பேச வேண்டியது. அப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து அந்த முகத்தை வாங்கிவிட்டார்.

அப்பா காலமான பிறகு அக்கா அந்தக் காசை என்னிடம் கொடுத்தார். “தம்பி, அப்பா பேருல இதை ஒரு மியூசியத்துக்குக் குடுத்துரலாம். கீழ ஒரு அட்டையில அவர் பேரு இருக்கும்ல” என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஆக்லாந்துக்கு எடுத்துவந்தேன்.

இங்கே காசு சேகரிக்கும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் 1935ஆம் ஆண்டின் வைத்தாங்கி கிரவுன் ஒன்று இருக்கிறது. ஆளுநர் ஹாப்சனும் மாவோரித் தலைவர் தாமதி வாகா நேனேயும் கைகுலுக்கும் காசு. அடித்தது மொத்தம் 1,128தான். அதற்குப் போலிகளும் உண்டு. அவர் உண்மைக் காசையும் ஒரு வார்ப்புப் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குக் காட்டினார். “இது வெள்ளியா என்று முதலில் கேட்காதீர்கள். இது எப்படிச் செய்யப்பட்டது என்று கேளுங்கள்” என்றார்.

நான் வெள்ளியா என்றுதான் முதலில் பார்த்தேன். நகைக்கடைத் தராசில் காசு 2.40 கிராம். தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். 0.23 காட்டியது. 2.40ஐ 0.23ஆல் வகுத்தால் 10.4. தூய வெள்ளியின் அடர்த்தி 10.49. இவ்வளவு சின்னக் காசில் 0.01 பிசகினாலே விடை 10க்கும் 10.9க்கும் நடுவே ஆடும். இருந்தாலும் செம்பு 9ஐத் தாண்டாது, பித்தளை 8.5 அளவில் நிற்கும். ஆகவே வெள்ளிதான். அன்றிரவு அக்காவைக் கூப்பிட்டு, “வெள்ளிதான் அக்கா” என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் பெரியவர் உருப்பெருக்கியைக் கையில் கொடுத்தார். அச்சில் அடித்த காசில், வெள்ளித் தகட்டின்மேல் அச்சை வைத்து ஓங்கி அடிக்கிறார்கள். உலோகம் நசுங்கி அச்சின் பள்ளத்துக்குள் ஏறுகிறது. அதனால் எழுத்தின் ஓரம் செங்குத்தாக, கூர்மையாக நிற்கும். காசின் விளிம்பில் சில சமயம் வெடிப்புகூட விடும். வார்ப்புக் காசு அப்படி இல்லை. நல்ல காசு ஒன்றை அழுத்தி அச்சு எடுத்து, உருகிய வெள்ளியை ஊற்றுகிறார்கள். எழுத்து சோப்பில் செதுக்கியது போலக் கொழகொழவென்று இருக்கும். காற்றுக்குமிழி நின்ற இடத்தில் ஊசிமுனை அளவு உருண்டைப் பள்ளங்கள் இருக்கும். மண்ணில் கிடந்து அரித்த பள்ளமும் உண்டு, ஆனால் அது கோணல்மாணலாக இருக்கும். ஊற்றிய பிசிரை அராவிய தடம் விளிம்பில் தெரியும்.

அப்பாவின் காசில் அரசனுடைய கன்னத்தில் மூன்று உருண்டைப் பள்ளங்கள் இருந்தன. விளிம்பில் அரம் ஓடிய கோடுகள் இருந்தன.

அப்போதும் மனம் ஒப்பவில்லை. தேய்மானமாக இருக்கலாம், யாராவது சுரண்டிப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவோடு வேலை பார்த்த இன்னொரு ஆசிரியரும் அந்த நாளில் ஒரு மாக்கோதைக் காசு வாங்கியிருந்தார். அவருடைய மகனை எனக்கு அண்ணா என்றுதான் பழக்கம். வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அதே கன்னத்தில் அதே மூன்று பள்ளங்கள். ‘கோ’ எழுத்துக்கு மேலே விளிம்பில் அதே சிறு வெட்டு.

ஓர் அச்சில் நூறு காசு அடிக்கலாம், முகம் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனித் தகடு. விளிம்பும் வெட்டும் இரண்டு காசில் ஒரே இடத்தில் வராது. வந்தால் இரண்டில் ஒன்றாவது வார்ப்பு. பெரும்பாலும் இரண்டுமே ஒரே வார்ப்பின் பிள்ளைகள். இதற்குமேல் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை.

அக்காவிடம் சொல்ல நான்கு நாள் ஆயிற்று. அவர் கேட்டார், “பேசாம குடுத்துட்டா யாருக்குத் தெரியும் தம்பி?” நியாயமான கேள்வி. ஆற்று மணலில் கிடைத்த காசுக்கு எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற சாட்சி கிடையாது. அதன் உடம்பு ஒன்றுதான் சாட்சி. நம் போலி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் போனால், நாளைக்கு அதைக் கண்டுபிடிக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்கும் உண்மைக் காசையும் சந்தேகப்படுவார். மாக்கோதை என்ற பெயரையே சந்தேகப்படுவார். அப்பா பேரில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டாம் என்றேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, அப்பா நடத்தின பாட்டு நெசந்தானே” என்றார்.

சங்கப் புலவர் பெயர்களில் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் உண்டு, விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் உண்டு. வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவர் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். பகலில் காசைச் சோதித்தவர்கள் நமக்குப் பாட்டும் எழுதியிருக்கிறார்கள். இதை அப்பா எனக்குப் பத்து வயதில் சொன்னார். காசை வாங்கிய அன்று மட்டும் அவர் வண்ணக்கனாக இல்லை, மனைவியை இழந்தவராக இருந்தார். அதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் விற்றவருக்கு அது தெரிந்திருக்கும்.

உங்கள் வீட்டிலும் பழைய காசு இருக்கலாம். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மேற்பரப்பு போனால் சாட்சியும் போய்விடும். எடை போடுங்கள், விளிம்போடு சேர்த்துப் படம் எடுங்கள், இன்னொன்றோடு ஒப்பிடுங்கள். தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.

அப்பாவின் காசு இப்போது என் மேசை இழுப்பறையில் ஓர் உறைக்குள் இருக்கிறது. உறையின்மேல் ‘கரூர், 1994. வார்ப்பு. அப்பா வாங்கியது’ என்று என் கையால் எழுதியிருக்கிறேன். என் மகளுக்குக் காசும் போகும், தாளும் போகும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.