வாழையைப் பிரிப்பதுபோல் பனையைப் பிரிக்காதீர்கள்



காஹாங் மக்களிடம் வந்து செம்பனையைப் பற்றிப் பேசினால், அது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். அதனால் தோட்டத்துப் பனையை விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டு வரவேற்பறையிலும் ஐந்தடியிலும் பூச்சாடியில் நிற்கிறதே, அந்த அலங்காரப் பனையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

செடி வளர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "அம்மா வளர்த்த பனை சாடி நிறைய அடர்ந்துவிட்டது. வீட்டைக் காலி செய்கிறோம். அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று பிரித்துக் கொள்ளலாமா?" என்பது ஒன்று. "ஒரு சாடியை நான்காக்கி இரவுச் சந்தையில் விற்றால் நாலு வெள்ளி பார்க்கலாமே?" என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான ஆசைதான். ஆனால் அவசரப்பட்டுக் கத்தியை எடுத்தால், அம்மாவின் நினைவும் மிஞ்சாது, போட்ட முதலும் மிஞ்சாது.

ஏன் அப்படி? நாம் வாழையைப் பார்த்தே பழகியவர்கள். வாழைக் கன்றைக் கடப்பாரையால் பெயர்த்து வேறிடத்தில் நட்டாலும் பிழைத்துக் கொள்ளும். அதன் கிழங்கில் சத்து சேர்ந்திருக்கிறது. பனைக் குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது. பல பனை வகைகளில் அறுந்த வேர் மறுபடி கிளைப்பது அரிது. தண்டின் அடியிலிருந்து புது வேர் புறப்பட்டு வரவேண்டும். அதுவரை இலைகளுக்கு யார் தண்ணீர் கொடுப்பது? இலை பழுக்கும், குருத்து வாடும். ஒரு தண்டுக்குக் குருத்து ஒன்றுதான். அது போனால் அந்தத் தண்டும் போயிற்று.

ஆகவே, பிரிப்பதற்கு முன் சாடியில் இருப்பது யார் என்று பார்க்க வேண்டும். பனைகளில் தனித்து வளர்வன உண்டு, கூட்டமாய் வளர்வன உண்டு. தென்னையும் செம்பனையும் தனி மரங்கள். மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளிலிருந்து வந்த பார்லர் பனையும், ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவைச் சேர்ந்த கென்டியா பனையும் அப்படியே. கடையில் வாங்கும்போது இவை புதராகத் தெரிகின்றன. காரணம், ஒரே சாடியில் பல நாற்றுகளைச் சேர்த்து வளர்த்திருக்கிறார்கள். அது குடும்பமல்ல, தங்கும் விடுதி. ஆனால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். குறிப்பாகப் பார்லர் பனையின் வேர் மிக மெல்லியது. அதைப் பிரிக்காமல் விடுவதே நல்லது.

ராபிஸ் பனை வேறு வகை. மண்ணுக்கடியில் தண்டு ஓடி, பக்கக் கன்று விடும். நம் நாட்டுச் சதுப்புக் காடுகளில் வளரும், சிவப்புத் தண்டுடைய பினாங் ராஜாவும் கன்று விடும் இனம்தான். மடகாஸ்கரிலிருந்து வந்த மஞ்சள் தண்டு அரெக்கா பனையும் கன்று விடும். ஆனால் அதையும் பல விதைகளை ஒரே சாடியில் போட்டு வளர்த்து விற்பதுண்டு. விரலால் மேல்மண்ணைக் கிளறி, தண்டுகள் அடியில் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

கன்று விடும் இனமானால் பொறுமையாகப் பிரிக்கலாம். சொந்த வேரும் மூன்று நான்கு இலைகளும் உள்ள கன்றைத் தேர்ந்தெடுங்கள். தாய்ச்செடியோடு இணையும் இடத்தைக் கூரான, சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். வெட்டியவுடன் பிடுங்காதீர்கள். சில வாரங்கள் அதே இடத்தில் விட்டு வையுங்கள். கன்று தன் காலில் நிற்கப் பழகட்டும். பிறகு மண்ணோடு எடுத்து, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக் கொள்ளுங்கள். தேறிவர மாதக்கணக்கில் ஆகலாம்.

சாடி நெருக்கமாகிவிட்டது என்பதுதான் கவலையென்றால், பிரிக்கவே வேண்டாம். சாடியை மாற்றினால் போதும். அதற்கு வழி உங்களுக்கே தெரியும். செம்பனை நாற்றை நடும்போது என்ன செய்கிறோம்? பையைக் கிழிக்கிறோம், மண்கட்டி உடையாமல் குழியில் இறக்குகிறோம். இங்கும் அதேதான். முதல் நாளே தண்ணீர் ஊற்றுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். புதுச் சாடி இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய சாடியில் மண் ஈரமாகவே கிடந்து வேர் அழுகும். சாடியின் அடியில் ஓட்டை இருக்கட்டும். முன்பிருந்த ஆழத்திலேயே நடுங்கள், தண்டைப் புதைக்க வேண்டாம். புதுக் குருத்து விரியும்வரை உரமும் வேண்டாம்.

இன்னொன்று. சாடிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரமே போதும். டிங்கி காய்ச்சலுக்கு நாமே இடம் கொடுக்கலாமா? தேங்கிய நீரை உடனே கொட்டிவிடுங்கள். வீட்டு வளாகத்தில் கொசு பெருகினால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடவடிக்கையும் உண்டு.

சரி, அண்ணனுக்கும் தங்கைக்கும் என்ன கொடுப்பது? வாசலில் வளரும் அரெக்கா காய்க்கும். பழுத்த விதையைப் புதிதாகவே போட்டால் ஓரிரு மாதங்களில் முளைக்கும். தனித்தனிப் பையில் ஒவ்வொரு விதையாகப் போடுங்கள். விற்க நினைப்பவர்களுக்கும் இதுவே வழி. காலம் பிடிக்கும், ஆனால் வாங்கியவர் அடுத்த மாதம் வாடிய செடியோடு வந்து நிற்கமாட்டார்.

அம்மாவின் சாடி பிள்ளைகளில் யாராவது ஒருவர் வீட்டில் முழுதாக இருக்கட்டும். அதைப் பார்க்கவாவது மற்றவர்கள் அடிக்கடி அந்த வீட்டுக்குப் போய்வரட்டும்.