முதலில் உட்காருங்கள்

(வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை. நற்செய்தி: லூக்கா 14:25-33)



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. வீடுகளில் இப்போது ஒரே பேச்சுதான்: எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, கட்டணம் எவ்வளவு. பீரோவில் இருந்த நகை அடகுக்குப் போகிறது. ஊரில் இருக்கும் அரை ஏக்கர் நிலத்துக்கு விலை பேசப்படுகிறது. "கடன் பட்டாலும் பரவாயில்லை, பிள்ளையைக் காலேஜில் சேர்த்துவிட வேண்டும்" என்கிறார் அப்பா. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் அன்பு பெரியது. தான் பட்ட பாட்டைப் பிள்ளை படக்கூடாது என்ற தவிப்பு அது. அந்த அன்பை நெஞ்சில் வைத்துக்கொண்டே இன்றைய நற்செய்தியைக் கேட்போம்.

கோபுரம் கட்ட விரும்பும் ஒருவரைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். அந்த மனிதர் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தம்மிடம் வசதி இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க மாட்டாரா என்று கேட்கிறார். அப்படிப் பார்க்காமல் அடித்தளம் போட்டுவிட்டு, பாதியில் நின்றுபோனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏளனம் செய்வார்களே என்கிறார். ஆண்டவர் இந்த உவமையைச் சொன்னது சீடத்துவத்தைப் பற்றி. தம்மைப் பின்செல்ல என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கச் சொன்னார். ஆனாலும் அன்றாட வாழ்க்கையில் விவேகமுள்ள எவரும் செய்வதையே அவர் எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். கோபுரம் கட்டாதே என்று அவர் சொல்லவில்லை. முதலில் உட்கார் என்கிறார்.

நாமும் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போமா?

நான்கு ஆண்டுப் படிப்புக்கு, ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு லட்சம் வரை பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. ஆனால் பிள்ளையோடு சேர்ந்து பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். அது உண்மைதான். ஆனால் தவணைக்குத்தான் ஓய்வு, வட்டிக்கு ஓய்வு இல்லை. முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. இரண்டாவது லட்சத்துக்கு 40,000, மூன்றாவதுக்கு 30,000, நான்காவதுக்கு 20,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ரூபாயாக நிற்கும். பத்து ஆண்டுகளில் கட்டி முடிக்க மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய் வேண்டும். பிள்ளைக்குச் சென்னையில் 15,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தால், தங்குமிடம், சாப்பாடு, பஸ் செலவு எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 7,900 ரூபாய். வேலையே கிடைக்காவிட்டால் வங்கிக் கடிதம் அப்பாவின் பெயருக்கு வரும்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. நம் பிள்ளை சேரும் கல்லூரிக்கும் படிப்புக்கும் அது பொருந்துமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வங்கியில் கேளுங்கள். "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்ற விளம்பரப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கல்லூரியில், அதே பிரிவில் படித்து முடித்தவர்களைத் தேடிப் பிடித்து, இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புக்குரியவர்களே, இப்படிச் சொல்வதால், "ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி எதற்கு?" என்று சாமியார் கேட்கிறார் என யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கேள்வி நம் மண்ணில் நெடுங்காலம் கேட்கப்பட்ட அநீதியான கேள்வி. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிப் பின்னர் திருச்சிக்கு வந்த புனித வளனார் கல்லூரி, 1925இல் சென்னையில் தொடங்கிய இலொயோலா கல்லூரி என்று நம் திருச்சபை கல்லூரிகளைக் கட்டியதற்குக் காரணம் உண்டு. பிறப்பால் விதிக்கப்பட்ட வேலையை விட்டு வெளியே வர எத்தனையோ குடும்பங்களுக்குப் படிப்புதான் வாசலாக இருந்தது. நாளைக்குப் பதினெட்டு வயதில் மணமேடையில் உட்கார வேண்டிய பெண்பிள்ளை, கல்லூரியில் மூன்று ஆண்டு படிப்பதால் தன் வாழ்க்கையைத் தானே எண்ணிப் பார்க்க அவகாசம் பெறுகிறாள். மகனின் படிப்புக்கு நிலத்தை விற்கத் துணியும் அப்பா, மகளுக்கு வரதட்சணைக்காக மட்டும் பணம் சேர்ப்பது ஆண்டவர் விரும்பும் கணக்கு ஆகுமா?

படிக்க ஆசையும் திறமையும் உள்ள பிள்ளையைப் பணத்துக்காக நிறுத்திவிடாதீர்கள். கடனுக்கு முன்னால் கிடைக்கும் உதவிகளைத் தேடுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுகிறவர்களின் கட்டணத்தை மாநில அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தனிச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. வீட்டுப் பக்கத்தில் இருக்கும் அரசுக் கலைக் கல்லூரியை "அது அரசுக் காலேஜ்தானே" என்று தள்ளிவிடாதீர்கள்.

அதே சமயம், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கோபுரம் என்று கடவுள் வரைபடம் போடவில்லை. தாலந்து உவமையில் தலைவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் திறமைக்கு ஏற்பக் கொடுத்தார். புத்தகத்தின் முன் அரைமணி நேரம் உட்கார முடியாத பையன், பழுதான மோட்டாரின் முன் நாள் முழுக்கப் பசி தெரியாமல் உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் அழைத்தல் உண்டு.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் சேரலாம். வெல்டர் பயிற்சி ஓராண்டு. பிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் என்றால் இரண்டு ஆண்டு. அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. உதவித்தொகை உண்டு. அங்கே படித்த பிறகு 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, பெரிய தொழிற்சாலைகளிலும் ரயில்வே பணிமனைகளிலும் அப்ரெண்டிஸாகச் சேர்ந்து, உதவித்தொகை பெற்றுக்கொண்டே வேலை கற்கலாம். பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று ஆண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர் நேராக டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேர முடியும். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேர முடியும். ஆகவே ஐ.டி.ஐ.க்குப் போனால் கல்லூரிக் கதவு மூடிவிடும் என்பது தவறான எண்ணம். வேலை பார்த்துக்கொண்டே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறவும் வழி இருக்கிறது.

திருத்தூதர் பவுலைப் பாருங்கள். எருசலேமில் கமாலியேல் என்ற பெரிய ஆசிரியரின் காலடியில் திருச்சட்டம் படித்தவர். அந்தக் காலத்துப் பெரிய படிப்பு அது. அதே பவுல் கொரிந்து நகருக்கு வந்தபோது அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியர் வீட்டில் தங்கி, அவர்களோடு சேர்ந்து கூடாரம் செய்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. அவருக்குப் படிப்பும் இருந்தது, கைத்தொழிலும் இருந்தது. யாருக்கும் சுமையாக இராமல் நற்செய்தி அறிவிக்க அந்தத் தொழில்தான் அவருக்கு உதவியது. மகனுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுப்பது தந்தையின் கடமை என்று யூத ரபிகள் போதித்தார்கள். நம் புனித சூசையப்பரும் அதைத்தான் செய்தார்.

அப்படியிருக்க நமக்கு ஏன் வெட்கம்? உண்மையைச் சொல்லுவோமே. "மகன் என்ன படிக்கிறான்?" என்று சொந்தக்காரர் கேட்டால் "இன்ஜினியரிங்" என்று சொல்ல வாய் வருகிறது. "வெல்டிங்" என்று சொல்லக் குரல் இறங்குகிறது. நாளைக்குப் பெண் கொடுக்க மாட்டார்களே என்ற கவலை. கையால் வேலை செய்கிறவன் தாழ்ந்தவன் என்று சாதி நமக்குள் ஊட்டிய நஞ்சு இன்னும் இறங்கவில்லை. நாசரேத்து மக்களும் இதே பார்வையால்தான் "இவர் தச்சர்தானே" என்று சொல்லி ஆண்டவரை ஏற்றுக்கொள்ளாமல் போனார்கள். ஊர் சிரிக்கும் என்று பயந்து கடன் வாங்கிக் கோபுரத்துக்கு அடித்தளம் போடுகிறோம். ஆனால் உவமையில் ஊர் எப்போது சிரித்தது? கோபுரம் பாதியில் நின்றபோதுதான்.

தூரின் நகரத்துத் தெருக்களில் அலைந்த சிறுவர்களுக்குத் தந்தையாக இருந்தவர் புனித தொன் போஸ்கோ. 1852இல் ஒரு பையனைத் தச்சுத் தொழில் பழக அனுப்பியபோது, முதலாளியோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டார். பையனை அடிக்கக் கூடாது, தொழிலைச் சரியாகக் கற்றுத்தர வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், ஞாயிறும் திருநாளும் ஓய்வு. தொழிலுக்கு அனுப்புவது என்றால் பிள்ளையை யார் கையிலாவது தள்ளிவிடுவது அன்று. அங்கும் மாண்பு வேண்டும், பாதுகாப்பு வேண்டும், எழுத்தில் உரிமை வேண்டும். பதினைந்து வயதுப் பையனைப் பனியன் கம்பெனிக்கோ பட்டறைக்கோ கூலிக்கு அனுப்பிவிட்டு, "தொழில் கற்கிறான்" என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

ஏற்கெனவே பாதிக் கோபுரத்தோடு நிற்பவர்களும் இப்போது கேட்டுக்கொண்டிருக்கலாம். பட்டம் கையில் இருக்கிறது, வேலை இல்லை, கடன் இருக்கிறது. அல்லது அரியர் விழுந்து படிப்பு நின்றுவிட்டது. தம்பி, தங்கை, உன்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களின் கூட்டத்தில் ஆண்டவர் இல்லை. 1939இல் நாத்சிகள் போலந்தின் கிராக்கோவ் பல்கலைக்கழகத்தை மூடியபோது, படிப்பு நின்றுபோன மாணவர் ஒருவர் கல் குவாரியிலும், பிறகு இரசாயனத் தொழிற்சாலையிலும் கூலி வேலை செய்தார். அவரே பின்னாளில் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல். வேலைக்கு மாண்பு தருவது அதைச் செய்யும் மனிதரே என்று 1981இல் தம் சுற்றுமடலில் அவர் போதித்ததற்குப் பின்னால் அந்தக் குவாரியின் தூசி இருக்கிறது. வங்கிக் கடிதம் வந்தால் ஒளித்து வைக்காதே. வீட்டில் சொல். வங்கிக்கு நேரில் போய்த் தவணையை நீட்டிக் கேள். பங்குத்தந்தையிடம் வா. எந்தக் கடனும் உன் உயிரைவிடப் பெரியது இல்லை.

பங்கு மக்களுக்கும் ஒரு வார்த்தை. பங்குத் திருவிழாவில் அதிக மதிப்பெண் பெற்றவர்களை மேடைக்கு அழைத்துப் பரிசு தருகிறோம். அது நல்லதுதான். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளையும் அதே மேடைக்கு அழையுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையின் கல்வி உதவியில் தொழில் படிக்கும் பிள்ளைக்கும் பங்கு இருக்கட்டும். ஒவ்வோர் அன்பியத்திலும் செவிலியர், எலக்ட்ரீசியன், வங்கி ஊழியர், ஆசிரியர் இருக்கிறார்கள். ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவர்கள் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேசினால், விண்ணப்பம் போடவே தெரியாத ஒரு வீட்டுக்கு வழி தெரியும்.

இந்த வாரம் ஒரு மாலையில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளையோடு உட்காருங்கள். முதலில் அவன் பேசட்டும், அவள் பேசட்டும். உனக்கு எதில் மனம் நிற்கிறது? இந்தப் படிப்பு முடிந்தால் என்ன வேலை, யாருக்கு அது பயன்படும்? நம் வீடு தாங்கக்கூடிய கடன் எவ்வளவு? இந்த மூன்றையும் கேளுங்கள். நம் வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லுங்கள். அதன் பிறகு கல்லூரிதான் என்று முடிவானால் துணிந்து அனுப்புங்கள். தொழிற்பயிற்சி என்று முடிவானால் தலை நிமிர்ந்து அனுப்புங்கள்.

செபிப்போம். நாசரேத்துப் பட்டறையில் கைகளால் உழைத்த ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளுக்கு நீர் வைத்திருக்கும் வழியைக் காட்டும். எங்கள் பெருமைக்காக அவர்கள் தோளில் சுமை ஏற்றாதபடி எங்களைக் காத்தருளும். கடனில் தவிக்கும் குடும்பங்களுக்கு ஆறுதலும், உதவும் உள்ளங்களும் கிடைக்கச் செய்யும். புனித சூசையப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.