புல்லை மண்ணுக்கே திருப்பித் தரும் இயந்திரம்

புல் வெட்டும் இயந்திரம் ஒன்றை விலைக்கு வாங்குவது பற்றி வானொலியில் பேசவும் வேண்டுமோ என்று நேயர்களுட் சிலர் எண்ணக்கூடும். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர் பலருக்கு இது அன்றாடக் காரியங்களுள் ஒன்றாகிவிட்டது. அரசுக் குடியிருப்புகளிலும் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களிலும் தோட்டக்குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் அமர்ந்து கையெழுத்திடும் பொறுப்பு நம்மில் யாரேனும் ஒருவர் தலையில் வந்து விழுகிறது. செலவாவது பொதுப்பணம். இயந்திரத்தின் பின்னே நாள்தோறும் நடக்கப்போகிறவரோ அந்தக் குழுவில் அமராதவர். ஆகையால் விலைப்பட்டியலைப் பார்த்து அரைமணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய விஷயமன்று இது.

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்குப் பேத்தமங்களா என்பது தண்ணீரின் பெயர். பாலாற்றின் குறுக்கே அமைந்த அவ்வூர் ஏரியிலிருந்துதான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், சுரங்க நகரத்துக்குக் குடிநீர் ஏற்றி அனுப்பப்பட்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்று சுரங்கத்தில் இறங்கிய நம் முன்னோர் குழாயடியில் வரிசையில் நின்று பிடித்ததும் அந்தத் தண்ணீரே. ஆங்கிலேய அதிகாரிகளின் பங்களாக்களைச் சுற்றிய புல்தரைகளும் அத்தகைய வறண்ட சீமையில்தான் பசுமையாக வைக்கப்பட்டிருந்தன. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத மாவட்டம் கோலார். ஆண்டு மழை ஏறத்தாழ 75 செ.மீ. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி எப்படியிருக்கும் என்பதைத் தங்கவயலார்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கொணர்ந்து அம்மாவட்டத்து ஏரிகளை நிரப்பத் தொடங்கினார்கள் என்றால், அங்கே நீரின் அருமை எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பொதுத் தோட்டத்துக்கோ பள்ளி மைதானத்துக்கோ ஏரிக்கரைப் பூங்காவுக்கோ புல் வளர்ப்பதாக வைத்துக்கொள்வோம். பச்சைப் புல்லின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் நீர் இருக்கிறது. உலர்ந்த பின் எஞ்சும் பொருளில் நூற்றுக்கு 4 பங்கு அளவில் தழைச்சத்தும், 2 பங்கு அளவில் சாம்பல் சத்தும், சிறிது மணிச்சத்தும் உண்டு. இத்தனையையும் வெட்டி வாரி வெளியே கொட்டிவிட்டு, பிறகு கடையில் உரமூட்டை வாங்கி வந்து தூவுகிறோம். வெட்டிய புல்லை அங்கேயே விட்டுவிட்டால், ஆண்டுக்கு இடவேண்டிய உரத்தில் ஏறத்தாழக் கால்பங்கு மிச்சமாகிறது. மண் காய்வதும் சற்றுத் தாமதமாகிறது. நம் உழவர்கள் மூடாக்கு என்றும் கன்னட உழவர்கள் ஹொதிகே என்றும் சொல்லும் முறையின் ஒரு வகையே இது. தில்லியில் வாழும் நேயர்களுக்கு மற்றொரு காரணமும் உண்டு. வாரிக் குவித்த புல்லையும் சருகையும் கொளுத்திவிடும் வழக்கத்துக்கு 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்து, மீறுவோர்க்கு 5,000 ரூபாய் என்றும் நிர்ணயித்தது.

ஆனால் வெட்டிய புல்லை அப்படியே கிடக்கவிட்டால் மூடாக்கு ஆகிவிடாது. நீளமான துண்டுகள் திரண்டு கட்டிகளாகக் கிடந்து, அடியிலுள்ள புல்லை மூச்சுத்திணற வைத்து, மஞ்சள் திட்டுகளை உண்டாக்கும். துண்டுகள் பொடியாக நறுங்கி, நிற்கும் புல்லின் இடையே இறங்கி மண்ணைத் தொடவேண்டும். அதற்கேற்ற இயந்திரம் எது என்பதுதான் கேள்வி.

இவ்வியந்திரத்தின் பிறப்பு சுவையானது. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுடு என்னும் ஊரில் எட்வின் பட்டிங் என்பவர், நெய்த கம்பளித்துணியின் மேலுள்ள பஞ்சு முடியைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்டு, அதே முறையில் புல்லையும் கத்தரிக்கலாம் என்று 1830-இல் உரிமை பெற்றார். உருளையில் பொருத்திய அலகுகள் ஒரு நிலைக்கத்தியோடு உரசிக் கத்தரிக்கோலைப்போல வெட்டும் அந்த உருளை வகையை நம் ஊர் மைதானங்களில் இன்றும் காணலாம். வெட்டு மிகச் சுத்தமாக இருக்கும். ஆயினும் மழைக்குப் பின் உயர்ந்துவிட்ட புல்லைச் சாய்த்துவிட்டுப் போய்விடும், வெட்டிய துண்டை மறுபடி நறுக்கவும் செய்யாது. 1952-இல் சிட்னி நகரத்து மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன், பீச் பழம் அடைத்த பழைய தகரக் குவளையைப் பெட்ரோல் தொட்டியாக்கி ஓர் இயந்திரம் செய்தார். தரைக்கு இணையாக விசிறிபோல் சுழலும் அலகு கொண்ட சுழல் வகை அதுபோன்றவற்றால் பெருவழக்காயிற்று. மூடாக்குக்கு நாம் நாடவேண்டியது இச்சுழல் வகையையே.

சுழல் வகையிலும் எல்லாம் உதவா. முதலில் குனிந்து அடிப்புறத்தைப் பார்க்கவேண்டும். அலகைக் கவிந்திருக்கும் இரும்புக் கூட்டை விற்பனையாளர்கள் டெக் என்பார்கள். அது ஆழமாகவும், உட்புறம் வளைந்தும், பக்கவாயை அடைக்கத்தக்க மூடியோடும் இருத்தல் வேண்டும். வெட்டுண்ட துண்டு வெளியேற வழியின்றி உள்ளேயே சுழன்று, மீண்டும் மீண்டும் அலகில் அடிபட்டு நறுங்குவதற்கு அந்த ஆழம் தேவை. அலகும் வளைந்த இரட்டைத் தள அமைப்புடையதாக இருக்கும். அதன் ஒரு பகுதி காற்றை மேலே தள்ளிப் புல்லைத் தூக்கும், மற்றொரு பகுதி நறுக்கும். தட்டையான சாதாரண அலகோடு வரும் இயந்திரத்துக்கு அடைப்பு மூடி ஒன்றை மட்டும் இலவசமாகக் கொடுத்து, மூடாக்கு இயந்திரம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். குனிந்து பாராமல் பில்லுக்குப் பணம் கொடுக்கக்கூடாது.

ஒரே புல்லை இரண்டு மூன்று முறை நறுக்குவதால் எஞ்சினுக்குச் சுமை அதிகம். ஆகவே அதே அகலமுள்ள சாதாரண இயந்திரத்தைவிடச் சற்று வலிய எஞ்சின் வேண்டும். குதிரைசக்தி எண் ஒன்றை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. அடர்ந்த புல்லில் வேகம் குறையாமல் ஓடுகிறதா என்பதை உங்கள் தரையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லவேண்டும். தொழில்முறை இயந்திரமாயின் எஞ்சினின் சிலிண்டரில் வார்ப்பிரும்பு உறை இருக்கிறதா, காற்று வடிகட்டி எளிதில் கழற்றிக் கழுவக்கூடியதா என்றும் கேட்கவேண்டும். கோலாரின் செம்மண் தூசு வடிகட்டியை அடைத்துவிடும்; எஞ்சின் கெடுவதற்கு அதுவே போதும்.

இனி, பின்னே நடப்பவரை நினைப்போம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 53 செ.மீ. அகலம் வெட்டும் இயந்திரத்தில், வரிசைக்கு வரிசை சற்று மேலேறி வெட்டுவதைக் கழித்தால், உண்மையில் 48 செ.மீ. கிட்டும். அந்தக் கணக்கில் ஓர் ஏக்கருக்கு அவர் எட்டரைக் கிலோமீட்டர் நடக்கவேண்டும். திரும்புவதும் நிற்பதும் சேர்த்தால் மூன்று மணி நேரம். ஐம்பது கிலோ எடையுள்ள இயந்திரத்தை அத்தனை தூரம் தள்ளச் செய்வது கொடுமை. ஆகையால் சக்கரம் தானே உருளும் அமைப்பு இன்றியமையாதது. அதிலும் பின்சக்கரம் இயங்குவதாக இருந்தால் மேட்டில் வழுக்காது. 91 செ.மீ. அகல இயந்திரம் ஐந்து கிலோமீட்டருக்குள் வேலையை முடிக்கும். ஆனால் எடை இருநூறு கிலோவை எட்டும். மரங்களுக்கும் பாத்திகளுக்கும் இடையே திரும்பாது. மூன்றடி வாயிலில் நுழையவும் நுழையாது. நாம் அறிந்த ஒரு குடியிருப்பில் இயந்திரம் வந்திறங்கிய பிறகே வாயிலை அளந்தார்கள். கடைசியில் மதிலை இடித்தார்கள். ஓர் ஏக்கருக்குள், வளைவும் மரமும் உள்ள தோட்டங்களுக்கு 53 செ.மீ. அளவே போதுமானது என்பது நம் கருத்து.

ஏரிக்கரை போன்ற சரிவில் மேலும் கீழுமாக ஓட்டாமல் குறுக்கே நடந்து வெட்டவேண்டும். கால் வழுக்கினால் கால் அலகின் அடியில் போகாமலிருப்பதற்காக. 53 செ.மீ. அலகு நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது அதன் முனை மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் செல்கிறது. பிடியை விட்டதும் அலகு நின்றுவிடும் அமைப்பு இல்லாத இயந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க அலகு மட்டும் நிற்கும் வகை இன்னும் சிறந்தது. கல்லையும் குப்பையையும் பொறுக்க நிற்கும்போதெல்லாம் மறுபடி கயிறு இழுத்து எஞ்சினைக் கிளப்ப வேண்டியதில்லை. அந்தச் சலுகை இல்லையெனில், பலர் பிடியைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கையை உள்ளே விடுகிறார்கள். கையேடு ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். பயன்படுத்துபவர் தமிழோ கன்னடமோ இந்தியோ பேசுபவர். அதிலுள்ள எச்சரிக்கைகளை அவர் மொழியில் எழுதி, கொட்டகைச் சுவரில் ஒட்டிவைப்பது தோட்டக்குழுவின் கடமை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதைச் சற்று அழுத்திச் சொன்னால் நேயர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

இயந்திரம் எதுவாயினும், ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. 4 செ.மீ. உயரத்தில் வைக்க விரும்பினால் 6 செ.மீ. ஆனதும் வெட்டிவிடவேண்டும். அறுகம்புல் தரையாயின் மழைக்காலத்தில் வாரம் இருமுறைகூடத் தேவைப்படும். உயரத்தை ஒரே நெம்புகோலால் மாற்றும் வசதி இருந்தால்தான் இதைச் செய்வார்கள். நான்கு சக்கரத்தையும் தனித்தனியே மாற்றவேண்டியிருந்தால் ஒருவரும் மாற்றமாட்டார்கள். ஈரப்புல்லில் மூடாக்கு முறை பலிக்காது. பார்த்தீனியம் போன்ற களை விதைபிடித்த காலத்திலும் நோய் கண்ட தரையிலும் அது கூடாது. அந்நாட்களுக்காகப் பக்கவாயைத் திறந்தும் பையைப் பொருத்தியும் ஓட்டக்கூடிய மும்முறை இயந்திரத்தையே தேர்ந்தெடுப்பது நலம்.

மின்கல இயந்திரங்கள் இப்போது வந்துவிட்டன. ஓசை குறைவு, புகை இல்லை. மருத்துவமனை, பள்ளி அருகே அவை மிக ஏற்றவை. அடர்ந்த புல்லை நறுக்கும்போது மின்கலம் விரைவில் தீரும் என்பதால், ஒரு ஏக்கருக்கு மாற்று மின்கலத்தின் விலையையும் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

விற்பனைப் பெயர்களை இப்பேச்சில் நாம் கூறவில்லை. அதைவிட முக்கியமானது உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பது. மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் சென்று ஓர் அலகு வாங்கிவர ஒரு நாள் கழிகிறது. ஆகையால் வாங்கும்போதே இரண்டு அலகுகளும் ஒரு வடிகட்டியும் ஸ்பார்க் பிளக்கும் சேர்த்து வாங்கிவிடலாம். ஓடும் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை அலகைத் தீட்டவேண்டும். மழுங்கிய அலகு புல்லை வெட்டாமல் கிழிக்கும், மறுநாள் தரை முழுதும் நுனி வெளுத்து நிற்கும். ஓர் அலகு தீட்டப்போயிருக்கும்போது மற்றது இயந்திரத்தில் இருக்கட்டும். அலகைக் கழற்றுவதற்குமுன் ஸ்பார்க் பிளக்கின் கம்பியை உருவிவிடும்படி தோட்டக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.